அறுபது பல்

சாக்பீஸால் ஒரு பல்லின் தலையில் கோடு போட்டுவிட்டு எண்ண ஆரம்பித்தால், பல் டாக்டர் யாருக்கும் பதில் சொல்லமாட்டார். உதடு மட்டும் அசையும். ஆள்காட்டி விரல் பல்லுக்குப் பல் தாவும். கோடு திரும்ப வந்ததும் எண்ணிக்கையை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு, எதிர்ப்பக்கமாக இன்னொரு சுற்று எண்ணுவார். இரண்டும் ஒத்துப்போனால்தான் நிமிர்ந்து, "என்ன கேட்டீங்க?" என்பார். கேட்டவர் அதற்குள் போயே போயிருப்பார்.

வாய்க்குள் இருக்கிற பல்லுக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. இரும்பு கடையும் பழைய லேத் மெஷின்களில் கியரின் பல் உடைந்தால், அதைக் கட்டிக் கொடுப்பவர் அவர். செய்த கம்பெனிகளே மூடிப் போன மெஷின்கள். புதுக் கியர் கேட்டால் கடைக்காரர்கள் சிரிப்பார்கள். உடைந்த இடத்தில் சின்னத் துளைகள் போட்டு, முளை இறுக்கி, மேலே பித்தளையை உருக்கி ஏற்றி, சாம்பலில் புதைத்து ஆறவிடுவார். பிறகு பக்கத்துப் பல்லைப் பார்த்துப் பார்த்து அரத்தால் ராவுவார். "ஊருல உள்ள பல்லையெல்லாம் எண்ணுறீங்களே, உங்க வாயில எத்தனை மிச்சம்னு எண்ணிப் பாத்தீங்களா?" என்பாள் மனைவி. இவர் நாக்கால் துழாவிப் பார்த்துவிட்டு, "ஓடுற வரைக்கும் ஓடட்டும்" என்பார்.

ஒரு விஷயத்தில் மட்டும் விளையாட்டுக் கிடையாது. கியர்களை மூடும் தகர மூடி ஒழுங்காகச் சேராவிட்டால் மெஷினை ஓட்ட விடமாட்டார். அவசரப்படுகிறவர்களிடம், "மூடி சேரலைன்னா நான் கழட்டிட்டுப் போயிடுவேன்" என்பார். இரண்டு இடத்தில் கழற்றிக்கொண்டு போயும் இருக்கிறார். ஏன் இந்தப் பிடிவாதம் என்று அவர் சொன்னதில்லை.

போன மாதம் ஒரு பெண் பையிலிருந்து ஒரு கியரை எடுத்து மேஜைமேல் வைத்தாள். நான்கு பல் வரிசையாகப் போயிருந்தது. டாக்டர் சாக்பீஸை எடுக்கவில்லை. எழுபத்திரண்டு பல் என்று அவருக்குத் தெரியும். ஒன்பது வருடத்துக்கு முன் ஒரு லேத்காரரின் மெஷினில் அவரே போட்ட கியர். வந்தவள் அந்த லேத்காரரின் மனைவி.

அன்றைக்கு உடைந்தது அறுபது பல் கியர். அது உடனே கிடைக்காமல், கைக்குக் கிடைத்த எழுபத்திரண்டைப் போட்டார். இரண்டு கியருக்கு நடுவில் நின்று சுழற்சியைக் கடத்துகிற கியர்தானே, பல் கூடினாலும் கணக்கு மாறாது. மெஷினும் பூப்போல ஓடியது. ஆனால் கியர் பெரிசு, மூடி சேரவில்லை. "மூடியை அப்புறம் பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு வந்தார். அந்த அப்புறம் வருவதற்குள், நான்காம் நாள், லேத்காரரின் வலது கைச் சட்டையைக் கியர் இழுத்தது. மூன்று விரல் போனது. ஆஸ்பத்திரி வாசல்வரை போன டாக்டர் உள்ளே போகாமல் திரும்பிவிட்டார். அதற்குப் பிறகு அந்தத் தெருப்பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை.

"இப்ப யாரு ஓட்டுறா?" என்றார், கியரைப் பார்த்தபடி.

"நான்தாண்ணே. அவரு பக்கத்துல நின்னு சொல்லுவாரு, நான் ஓட்டுவேன். மெஷின் நின்னு பத்து நாளாச்சு. அவரு பேச்சும் சேந்து நின்னுடுச்சு. சுவத்தைப் பாத்துப் படுத்திருக்காரு."

"மூடி?"

"தகரத்தை வளைச்சுக் கம்பியால கட்டி வச்சிருக்கேன்."

நான்கு பல் கட்டுவது அவருக்கு ஒரு நாள் வேலை. "இதைக் கட்டமாட்டேம்மா" என்றார். அவள் முகம் விழுந்ததைப் பார்த்து, "வேற கொண்டுவரேன்" என்று சேர்த்தார்.

பழைய இரும்புக்கடை ஒவ்வொன்றாக ஏறி இறங்கினார். ஒரு கடையில் அறுபது பல் கிடைத்தது. விட்டத்தை அளந்து, பல் எண்ணிக்கையோடு இரண்டைக் கூட்டி அதால் வகுத்துப் பார்த்தால் பல்லின் பருமன் வேறு. இன்னொன்றில் பருமன் சரி, பல் ஐம்பத்தெட்டு. ஆறாம் நாள், ஒரு கடையின் பின்கட்டில் பழைய லேத் ஒன்றைச் சம்மட்டியால் உடைத்துக்கொண்டிருந்தார்கள். அதன் பக்கவாட்டில் ஒரு கியர் தெரிந்தது.

"அண்ணே, அடிக்காதீங்க!"

சம்மட்டிக்காரர் ஓங்கிய கையோடு நின்றார். டாக்டர் அந்தக் குப்பையில் மண்டிபோட்டு எண்ணினார். எதிர்ப்பக்கமாக எண்ணினார். மூன்றாவது தடவையும் எண்ணினார். "கை வலிக்குதுங்க, அடிக்கவா வேணாமா?" என்றார் சம்மட்டிக்காரர்.

அறுபது.

நடுத்துளை மட்டும் பெரிசாக இருந்தது. அதற்கொரு பித்தளை உறை கடைந்து இறக்கிக்கொண்டு, மறுநாள் காலையில் அந்தத் தெருவுக்குள் நுழைந்தார். லேத்காரர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். "வாங்க" என்றார். டாக்டர் தரையில் உட்கார்ந்து வேலையை ஆரம்பித்தார். நிமிர்ந்தால் அந்தக் கை கண்ணில் படும். அதனால் நிமிரவில்லை.

கியர்களுக்கு நடுவே ஒரு காகிதத் துண்டைக் கொடுத்துக் கையால் சுற்றினார். காகிதம் கிழியாமல், மடிப்பு மடிப்பாக வெளியே வந்தது. இடைவெளி சரி. பரணிலிருந்து பழைய மூடியை அவள் இறக்கிக் கொடுத்தாள். துரு தட்டி வைத்ததும் சுலபமாகச் சேர்ந்தது. அவள் சுவிட்சைப் போட்டாள். ஒரே சீராகச் சத்தம் எழுந்தது.

"வேகத்தைக் குறைச்சு ஓட்டு. எண்ணெய் ஏறட்டும்" என்றார் லேத்காரர். அவள் சட்டென்று அவரைத் திரும்பிப் பார்த்தாள். முகத்தில் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

டாக்டர் தரையைப் பார்த்தே சொன்னார்: "அன்னிக்கே இப்படித் தேடியிருக்கணும்."

மெஷின் கொஞ்ச நேரம் ஓடியது.

"நீங்க தேடுறேன்னுதான் சொன்னீங்க. நான்தான் நாளைக்கே ஓடணும்னு நின்னேன்" என்றார் லேத்காரர்.

டாக்டர் அரத்தையும் ஸ்பேனரையும் பையில் போட்டுக்கொண்டு எழப் பார்த்தார். முட்டி மக்கர் பண்ணியது. ஒரு கையை ஊன்றிப் பாதி எழுந்து, மறுபடி உட்கார்ந்துவிட்டார். அவர் முகத்துக்கு நேரே ஒரு கை நீண்டது. வலது கை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும்.

"என் கையெல்லாம் கிரீஸ்" என்றார் டாக்டர்.

நீண்ட கை அப்படியே நின்றது. அவர் தன் கையை வேட்டியில் இரண்டு பக்கமும் அழுத்தித் துடைத்துவிட்டு, அதைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.