வாரிக்காலனை வெட்டி விடு

கங்காணியின் முதல் அடி மச்சானின் வாயில் விழுந்தது. இரண்டு பற்கள் உடைந்து களவெட்டியில் தெறித்தன. சூடு மிதிக்கிற இடத்தைத்தான் நாங்கள் களவெட்டி என்போம். அதில் மனித இரத்தம் விழுவதை அதற்கு முன் நான் கண்டதில்லை. காலை வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மாடுகள் கழுத்தோடு கழுத்தாகப் பிணைக்கப்பட்டுக் கதிரின்மேல் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தன.

மச்சான் என்பது என் தங்கையின் புருஷன். உன்னிச்சைப் பக்கத்து வயல்வட்டை ஒன்றில் நிலச் சொந்தக்காரரான போடியாருடைய வயல்களை முன்னின்று செய்கிற முல்லைக்காரன் அவர்தான். அந்த வேளாண்மையோடு விலகி வேறொரு போடியாரிடம் போகப் போவதாக அவர் முதல் நாள் சொல்லிவிட்டார். போடியாருக்கு அது மானப் பிரச்சினையாகிப் போனது. கங்காணியை ஏவிவிட்டார்.

கங்காணி நம்மூரார் அல்ல. மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் ஆட்களை மேய்த்தவர். அந்த அறுவடைக்குத்தான் போடியார் அவரைக் கூட்டி வந்திருந்தார். ஒரு கால் ஊனம். அதை வைக்கோலில் வாரி இழுத்துக்கொண்டுதான் நடப்பார். கையில் எந்நேரமும் பிரம்பு.

"வேலைய விட்டுட்டுப் போயிருவியா? தோட்டத்துல இப்பிடி ஓடுனவனெல்லாம் ஜெயில்ல கெடந்தான், தெரியுமாடா?" என்றார்.

மச்சான் வாயைத் துடைத்துக்கொண்டு, "நான் என்ன உங்கட தேயிலைக் கொழுந்தா, கிள்ளிக் கூடைக்குள்ள போட? களம் பொலிஞ்சாப் போவன். மறிக்க ஏலாது" என்றார். அந்த நிலையிலும் 'முடிஞ்சா' என்று சொல்லாமல் 'பொலிஞ்சா' என்றுதான் சொன்னார். அதை நான் கவனித்தேன்.

பிரம்பு திரும்பவும் விழுந்தது. காதில் ஒன்று, கழுத்தில் ஒன்று. நாங்கள் ஒருவரும் அசையவில்லை. எல்லோரும் போடியாரின் சோறு தின்பவர்கள். நாலாவது அடிக்குக் கங்காணி கையை ஓங்கியபோது அவருடைய ஊனக்கால் வைக்கோலில் வழுக்கியது. ஆள் மல்லாந்து மாடுகளின் காலடியில் விழுந்தார்.

இரத்த வாடைக்கு மாடுகள் ஏற்கெனவே மிரண்டு நின்றன. ஆள் விழுந்ததும் வெறிகொண்டுவிட்டன. பிணையலில் கிடந்ததால் அவற்றுக்கு விலகி ஓடவும் வழியில்லை. ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு அவர்மேலேயே ஏறி ஏறி மிதித்தன. நெஞ்செலும்பு நொறுங்குகிற சத்தம் கேட்டது. கங்காணி கத்தவில்லை. கத்த அவருக்கு மூச்சு இல்லை.

மச்சான் இரத்தத்தைத் துப்பிவிட்டு, "வாரிக்காலன வெட்டி விடு! வெட்டி விடுங்க மச்சான்!" என்று என்னைப் பார்த்துக் களம் அதிரக் கத்தினார்.

நான் பாய்ந்து ஒரு மாட்டின் கொம்பைப் பிடித்தேன். அது என்னைத் தூக்கி எறிந்தது. பிறகு மச்சானே தாக்கத்தியோடு கால்களுக்கு நடுவில் புகுந்தார். கதிர் அறுக்கிற அந்தக் கத்தியால் பிணையல் கயிற்றை ஒரே இழுவையில் அறுத்தார். அந்த வேளையில் ஒரு மாடு உதைக்க, கத்தி சறுக்கிக் கங்காணியின் தொடையில் பாய்ந்தது. இரத்தம் பீச்சியடித்தது. மாடுகள் நாலாபுறமும் ஓடின. மச்சான் தன் சால்வையைக் கிழித்துத் தொடையை இறுக்கிக் கட்டி, அவரை வெளியே இழுத்துப் போட்டார்.

எங்கள் களத்தில் மாட்டை மாடு என்று சொல்வதில்லை. நெல்லையும் நெல் என்று சொல்வதில்லை. பெயர் சொன்னால் பூதம் கேட்டுவிடும், பொலியை அள்ளிக்கொண்டு போய்விடும் என்பது நாங்கள் பிறந்த நாள் முதல் அறிந்தது. நெல்லுக்குப் பொலி என்போம். நெல் அள்ளுகிற ஓலைக் கடகத்துக்குப் பெருவாயன். மாட்டுக்கு வாரிக்காலன். பொலியை அளந்து களத்தை விட்டு வெளியேறும்வரை நாக்கைக் கட்டித்தான் பேசுவோம். இதைச் சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். எங்களுக்குப் படியளப்பவள் அம்மன். அவள் தந்ததைக் காக்கிற முறை இது என்று நான் இன்றும் நம்புகிறேன்.

மத்தியானத்துக்குப் பிறகு பொலிஸ் சார்ஜன் வந்தார். தமிழ் நன்றாகப் பேசுவார், ஆனால் வயல் பக்கம் அறியாதவர். சப்பாத்துக் காலோடு களத்துக்குள் ஏறி நின்றார். நாங்கள் அங்கே வெறுங்காலோடுதான் ஏறுவோம். பொலி இன்னும் அளக்கப்படாமல் குவியலாகக் கிடந்தது.

"நீ என்ன கத்தினாய்?" என்று மச்சானைக் கேட்டார்.

"வாரிக்காலன வெட்டி விடச் சொன்னன், ஐயா."

"பிறகு?"

"ஒருத்தரும் வெட்டல்ல. நானே போய் வெட்டினன்."

சார்ஜன் எழுதினார். எங்கள் பக்கம் திரும்பி, "இவன் சொல்வது உண்மையா?" என்றார். நாங்கள் மச்சானைக் காப்பாற்றுகிற சந்தோஷத்தில் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து, "ஓம் ஐயா! வாரிக்காலனத்தான் வெட்டச் சொன்னவர். எங்கட கண்ணால கண்ட நாங்க!" என்றோம்.

வண்டியில் கிடத்தப்பட்டிருந்த கங்காணி முனகினார். "என்னையத்தான் சொன்னான். என் காலப் பாத்து அந்தப் பேரு வச்சான். வெட்டு வெட்டுன்னு கத்திக்கிட்டே வந்து வெட்டுனான்." அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு அப்படித்தான் கேட்டது.

அந்தச் சொல்லின் பொருள் தெரிந்த ஒருவர் சார்ஜனுக்குப் பக்கத்திலேயே நின்றார். அவர் போடியார். வெற்றிலையை மென்றுகொண்டு தன் கால் பெருவிரலைப் பார்த்தபடி நின்றார்.

சார்ஜன் மச்சானின் முழங்காலில் உதைத்தார். விழுந்தவரின் கையைப் பின்னால் கட்டினார். கொலை முயற்சி என்ற சொல்லை அப்போதுதான் கேட்டோம்.

இரண்டு நாள் கழித்துச் சோறு கொண்டுபோன தங்கை, பொலிசில் வைத்து மச்சானை அடித்த கதையோடு திரும்பி வந்தாள். "ஆர் ஆர் சேர்ந்து கொல்லத் திட்டம் போட்ட எண்டு கேட்டு அடிச்சிருக்காங்க அண்ணன். வேற ஒண்டும் சொல்ல விடல்லயாம். இடக் காதால சீழ் வடியுது. நான் கூப்பிட்டது அவருக்குக் கேக்கல்ல. முன்னால போய் முகத்தக் காட்டினாப் பிறகுதான் என்னப் பார்க்கிறார்." அவள் அழவில்லை. உலக்கையை எடுத்து வெறும் உரலில் குத்திக்கொண்டே இருந்தாள்.

நான் அம்மனுக்கு நேர்ந்துகொண்டு, வாவியைக் கடந்து புளியந்தீவுக்குப் போய், கோர்ட்டில் வழக்குப் பேசுகிற பிறக்கிராசியைப் பார்க்கப் புறப்பட்டேன். துறையில் போடியாரின் ஆட்கள் இருவர் நின்றார்கள். ஒருவன் என் தூரத்து உறவினன்.

"எங்க மாமா பயணம்?"

"பட்டணத்துக்கு."

"ஏன், வாரிக்காலன் வாங்கவா?" என்று சொல்லிச் சிரித்தான். சிரித்த வாய் மூடுமுன் தோணித் துடுப்பு என் விலாவில் விழுந்தது. தண்ணீருக்குள் விழுந்தேன். தலையைப் பிடித்து அமுக்கினார்கள். சேறும் உப்பும் மூக்கில் ஏறின. அம்மன் பெயரைச் சொல்ல வாய் திறந்தால் தண்ணீர்தான் உள்ளே போனது. தோணிக்காரக் காக்கா, ஏறாவூர் முஸ்லிம் மனிதர், மரக்கோலை ஓங்கிக்கொண்டு ஓடி வந்து அவர்களில் ஒருவனின் முதுகில் போட்டார். "அல்லாஹ்வுக்குப் பயப்படுங்கடா! என்ட தோணிக்கு வந்த ஆள என்ட கண்ணுக்கு முன்னால கொல்லுறீங்களா?" அவர்தான் என்னை அக்கரைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

பிறக்கிராசி ஒரு பறங்கி மனிதர். வீட்டுச் சுவரில் சிலுவை தொங்கியது. பேச்சு அசல் மட்டக்களப்புப் பேச்சு. ஈர உடையோடு விலாவைப் பிடித்துக்கொண்டு நின்ற என்னைக் கதிரையில் இருத்தி, "உனக்கு ஆர் அடிச்ச? முதல் அத எழுதுவமா?" என்றார்.

"அது கிடக்கட்டும் ஐயா. வேலைய விட்டுப் போனா மறியலில போடுவாங்களா?"

"தோட்டத்துக் கூலியாக்களுக்கு அப்பிடியொரு சட்டம் ஒரு காலத்தில இருந்தது. உங்களுக்கு இல்ல. வேளாம செஞ்சு குடுத்தா, விரும்பின ஆளிட்டப் போகலாம். அதுக்காக ஒருத்தனுக்கு அடிக்கிற உரிமை போடியாருக்கும் இல்ல, கங்காணிக்கும் இல்ல."

"கத்தி பட்டது உண்மைதானே ஐயா? பட்டாக் குத்தமா?"

"பட்டதையும் பார்ப்பாங்க, ஏன் பட்ட எண்டும் பார்ப்பாங்க. கொல்ல நினைச்ச எண்டு காட்டுறதுக்கு அவங்களிட்ட இருக்கிறது அந்த ஒரு சத்தம்தான். என்ன கத்தினவர்?"

சொன்னேன். அவர் இரண்டு முறை சொல்லச் சொன்னார். களத்துக்கு வெளியேதானே நிற்கிறேன் என்று துணிந்து அதன் பொருளையும் சொன்னேன். அவர் எழுந்து நின்றுவிட்டார்.

"மாடா? அட மடையனே, சார்ஜனிட்ட மாடு எண்டு சொல்லித் துலைச்சிருக்கலாமே!"

"பொலி அளக்காமக் கிடந்தது ஐயா."

அவர் திரும்பவும் உட்கார்ந்தார். "நீங்க கோட்டுக் கூண்டில ஏறி இப்ப இதச் சொன்னா, சொந்தக்காரர் கட்டின கதை எண்டுதான் எடுப்பாங்க. இது போடியார்ட வாயால வரோணும்" என்றார்.

"அவர் சொல்ல மாட்டார் ஐயா."

"சொல்ல வைக்க ஏலாது. தானாச் சொல்லோணும்."

விசாரணை நாளன்று மச்சானைக் கூண்டில் ஏற்றினார்கள். வாய் ஒருபக்கம் கோணிக் கிடந்தது. கேள்வி கேட்டால் வலக் காதைத் திருப்பினார். கங்காணி கக்கத்தில் ஊன்றுகட்டை வைத்துக்கொண்டு வந்து, களத்தில் சொன்னதையே சொன்னார். தொடையின் தழும்பைக் காட்டினார். நீதவானின் முகம் இறுகியது. தங்கை என் கையைப் பற்றினாள். அவள் நகம் என் தோலைக் கிழித்தது.

பிறகு போடியார் ஏறினார். சத்தியம் செய்தார். எதிரிக் கூண்டில் நிற்கிறவன் கெட்டவன், வாய்த்துடுக்கானவன் என்றார். வாரிக்காலன் என்றால் யார் என்று பொலிஸ் தரப்பில் கேட்டதற்கு, "எனக்குத் தெரியா" என்றார்.

பிறக்கிராசி எழுந்து, அந்தச் சொல்லின் பக்கமே போகவில்லை. போடியாரின் வயல்களைப் பற்றிப் புகழ்ந்து புகழ்ந்து கேட்டார். எந்த வட்டையில் எது விளையும், குளத்துத் தண்ணீர் எப்போது வரும் என்றெல்லாம் கேட்டார். போடியாரின் நெஞ்சு நிமிர்ந்தது. அப்போது பிறக்கிராசி ஏளனமாக, "எண்டாலும் போடியார், உங்கட களத்தில இந்த முறை நாலு வாரிக்காலன்தான் நிண்டதாம் எண்டு ஊரில பறையிறாங்க. அதுவும் எலும்பும் தோலுமாமே?" என்றார்.

"ஆர் சொன்ன?" போடியார் கூண்டுப் பலகையில் அறைந்தார். "என்ட களத்தில பன்னிரண்டு வாரிக்காலன்! ஒவ்வொண்டும் கொம்பு வளர்ந்த கொழுத்த சாமான்! நாலு எண்டு சொன்னவன இங்க கூட்டி வாங்க!"

மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கி நடுவில் நின்றுவிட்டார். "கொம்பு?" என்றார் தமிழிலேயே. கோட்டுக்குள் எங்கிருந்தோ ஒரு சிரிப்பு வெடித்தது. போடியாரின் முகத்தில் இருந்த இரத்தமெல்லாம் வடிந்தது. நீதவான் பேனாவை வைத்துவிட்டு அவரை நேராகப் பார்த்து, அந்த வசனத்தைத் திருப்பிச் சொல்லச் சொன்னார். அவரால் திருப்பிச் சொல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

அன்றே மச்சானை விட்டார்கள். நான் கோட்டு வாசலிலேயே மண்ணில் விழுந்து அம்மனைக் கும்பிட்டேன்.

எழும்பியபோது கங்காணி ஊன்றுகட்டையைத் தட்டிக்கொண்டு மச்சானுக்கு எதிரே வந்து நின்றார். "மாட்டையாடா வெட்டி விடச் சொன்ன?"

மச்சானுக்குக் கேட்கவில்லை. தங்கை அவருடைய வலக் காதில் சொன்னாள்.

"ஓம் கங்காணியார். கயித்த வெட்டினா மாடு ஓடும், நீங்க பிழைப்பீங்க எண்டு."

"அப்ப மாடுன்னு சொல்லித் தொலைக்க வேண்டியதுதானடா!"

"களத்தில எப்பிடிச் சொல்ற?"

கங்காணி ஊன்றுகட்டையை ஓங்கி மச்சானின் தோளில் அடித்தார். எலும்பில் பட்ட சத்தம் கேட்டது. நான் பாய்ந்தேன். மச்சான் கையை நீட்டி என்னை மறித்தார். அடித்த வேகத்தில் கட்டை கங்காணியின் கையை விட்டுப் போனது. பிடிமானம் இல்லாமல் அவர் ஒற்றைக் காலில் ஆடினார். மச்சான் ஒரு கையால் அவருடைய இடுப்பைப் பிடித்துக்கொண்டு, குனிந்து கட்டையை எடுத்து அவருடைய கக்கத்தில் வைத்தார்.

பின்னால் நின்ற பிறக்கிராசி, "கோட்டு வாசலில வச்சு அடி. நானே சாட்சி. வழக்குப் போடுவமா?" என்றார்.

மச்சான் வலக் காதைத் திருப்பி, "என்ன சொல்றார்?" என்று தங்கையைக் கேட்டார். அவள் சொன்னாள்.

"வேணாம் ஐயா. திரும்பவும் என்ன கத்தின எண்டு கேப்பாங்க" என்றார் மச்சான். அவர் தோளைத் தடவிக்கொண்டே நடக்க, நாங்கள் தோணித் துறைக்குப் போனோம்.