பட்டனைத் தொடாமலே ஓடிய மெஷின்

அன்று எங்கள் திண்டிவனம் ஷெட்டில் இருந்தது நான், என் தம்பி, மல்லாட்டை (வேர்க்கடலை) உடைக்கும் மெஷினுக்கு புரோகிராம் எழுத வந்தவர், மூன்றே பேர். வந்தவருக்கு இஸ்திரி கலையாத சட்டை. எதைக் கேட்டாலும் முதலில் சிரிப்பார்.

"மெயினை அணைச்சிடுங்க சார், பயமா இருக்கு," என்றேன்.

"பட்டனை அமுக்கினாதாம்மா ஓடும்," என்று சிரித்தார்.

புரோகிராமை ஏற்றியதுமே மெஷின் தானாக ஓடியது. பெல்ட்டைத் துடைத்துக்கொண்டிருந்த தம்பியின் விரல் கிழிந்தது. நான்தான் ஓடிப்போய் மெயினை அணைத்தேன்.

"மோட்டாரை ஓட்டற ஃபங்ஷனை, அதான் அந்தக் கட்டளைங்களை, பட்டன்கிட்ட குடுத்து வெச்சா, அமுக்கும்போது அது கூப்பிட்டுக்கும். நான் குடுக்காம, இங்கியே கூப்பிட்டுட்டேன்," என்றார், அதற்கும் சிரித்தபடி.

"நம்பரைக் குடுய்யான்னா, நீயே போன் போட்டுக்கினு நிக்கிறியா?" என்று கத்தினேன்.

"கரெக்டா புடிச்சிட்டீங்களே!" என்று பாராட்டிவிட்டு, ஃபங்ஷன் பெயருக்குப் பின்னால் 'இப்போதே கூப்பிடு' என்று சொல்லும் இரண்டு அடைப்புக்குறிகளை அழித்தார். ரத்தம் சொட்டும் விரலை அந்த மனிதர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இன்றுவரை எனக்கு ஆறவில்லை.