பாயிண்ட் அழுக்கு

என் காரை நான் நம்புவேன். அதைத் தொடுகிறவர்களை நம்பமாட்டேன். கிள்ளானில் எங்கள் வீட்டுப் போர்ச்சில் நிற்கும் அந்தப் பழைய காருக்கு என் மூத்த மகனைவிட வயது அதிகம். ஞாயிறுதோறும் அதில்தான் ஹைவே வழியாகப் பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் அக்காவைப் பார்க்கப் போவேன். போன வருடம் திடீரென்று அது முரண்டு பிடித்தது, அதுவும் ஞாயிற்றுக்கிழமை மட்டும். சாவியைத் திருப்பினால் எஞ்சின் சுற்றும், பற்றாது. பக்கத்துக் கோயிலுக்கும் கடைக்கும் போகும்போது ஒரு குறையும் இல்லை. காருக்குக் கிழமை தெரியுமா?

எனக்கு மெக்கானிக் மேல்தான் சந்தேகம். அடுத்த தெருவில் பட்டறை வைத்திருப்பவர். காலையில் கூப்பிட்டால் “வரேன் அங்கிள்” என்பார், வருவது சாயங்காலம். அதற்குள் என் மனைவி கொமுட்டர் ரயிலில் என்னை இழுத்துக்கொண்டு பிரிக்பீல்ட்ஸ் போய்த் திரும்பியிருப்பாள். அவர் வந்ததும் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றுவார். பாயிண்ட் இருப்பது அதற்குள். திறந்து மூடித் தீப்பொறியை உண்டாக்கும் இரண்டு சின்ன உலோக முனைகள், அவ்வளவுதான். எதையோ துடைப்பார். கை சட்டைப்பைக்குப் போய் வரும். கார் கிளம்பிவிடும்.

“பாயிண்ட் அழுக்கு லா அங்கிள்.”

கூலி கேட்டால், “அட, இதுக்கெல்லாமா” என்று சிரிப்பார். காசு வேண்டாம் என்கிற மெக்கானிக்கை நான் கிள்ளானில் பார்த்ததே இல்லை. இந்த மாதிரிக் காருக்குப் பெட்டாலிங் ஜெயாவில் ஆட்கள் அலைகிறார்கள். நான் அலுத்துப்போய் விற்கட்டும் என்று காத்திருக்கிறார், வேறென்ன? மனைவியிடம் சொன்னேன். “அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்” என்று சொல்லிவிட்டு அவள் கீரையை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

பாயிண்ட் இருந்தால்தானே அழுக்கு? எலக்ட்ரானிக் இக்னிஷன் வாங்கி வந்துவிட்டேன். பாயிண்டைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் கட்டைவிரல் அளவு கறுப்புத் துண்டு ஒன்றை வைத்தால் போதும். தேயாது, அழுக்காகாது. வீட்டுக்கு வந்த மெக்கானிக்கிடம் காட்டினேன், அவர் முகம் மாறியது.

“எதுக்கு அங்கிள்? ஒரிஜினலா இருக்கட்டுமே. இது கெட்டுச்சுன்னா நடு ரோட்டுல நிப்பீங்க” என்றார். சொல்லும்போது கண் சமையலறைப் பக்கம் போனது. அதையும் குறித்துக்கொண்டேன்.

ஞாயிறு காலையில் வரவழைத்தேன். வழக்கம்போல அன்றும் கார் பற்றவில்லை. இந்தத் தடவை முதுகைக் காட்ட விடவில்லை. தலைக்கு மேலேயே நின்றேன். மனிதர் அவசர அவசரமாகப் பாயிண்டைக் கழற்றிக் கைக்குள் மூடிக்கொண்டார்.

“பழைய சாமானைக் கொடுங்க தம்பி.”

“தூக்கிப் போட்டுர்றேன் அங்கிள்.”

“கொடுங்க.”

பிடுங்காத குறையாக வாங்கினேன். புதியதை மாட்டினார். சாவியைத் தொட்டதும் எஞ்சின் பற்றிக்கொண்டது. ஜெயித்துவிட்டேன் என்று அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

கையை விரித்துப் பார்த்தேன். பாயிண்டின் இரண்டு முனைகளுக்கும் நடுவில் மடித்த தாள் ஒன்று. பிரித்தால், ‘சந்திராஷ்டமம்’ என்று சிவப்பு எழுத்து. எங்கள் சமையலறையில் தொங்கும் தினசரி நாள்காட்டித் தாள்.

அந்த வித்தை என்னுடையது. கார் திருட்டு அதிகமாக இருந்த காலத்தில், பிரிக்பீல்ட்ஸில் நிறுத்தும்போதெல்லாம் பாயிண்டுக்கு நடுவில் அட்டைத் துண்டு வைத்துவிட்டுப் போவேன். தீப்பொறி வராது, எந்தத் திருடனாலும் கிளப்ப முடியாது. அதை ஒரே ஒருத்திக்குத்தான் சொல்லிக் கொடுத்திருந்தேன். மெக்கானிக் என் முகத்தைப் பார்த்தார். “ஆன்டி சொல்லித்தான் அங்கிள்” என்று முணுமுணுத்துவிட்டுச் சாமான்களை அள்ளிக்கொண்டு போய்விட்டார்.

சமையலறைக்குப் போய்க் கத்தினேன். என் வீட்டிலேயே எனக்குக் குழியா? என்னைத் திருடன் என்று நினைத்தாயா? அவள் என் இடது பக்கம் வந்து நின்றுகொண்டு, நான் கத்தி முடித்ததும் கேட்டாள்.

“என் கையில என்ன இருக்கு, சொல்லுங்க.”

“எந்தக் கை?”

திரும்பினேன். என் தோளுக்குப் பக்கத்தில் கரண்டியைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தாள்.

“இவ்ளோ நேரமா ஆட்டிக்கிட்டுதான் இருக்கேன். அன்னிக்கு ஹைவேயில ஒரு மோட்டார் பைக்காரன் குறுக்க வந்துட்டான்னு திட்டினீங்களே, அவன் குறுக்க வரல. இந்தப் பக்கம்தான் இருந்தான். நீங்கதான் அவன் மேல ஏத்தப் போனீங்க. கால ஊனித் தப்பிச்சான்.”

“அப்பவே சொல்றதுக்கென்ன?”

“சொன்னா நம்புவீங்களா? கண்ணப் பாக்கணும்னு டாக்டர் சொன்னதுக்கு, காசு புடுங்கப் பாக்குறான்னு வந்துட்டீங்க.” அவள் குரல் உடைந்தது. “இனிமே பேப்பர் வைக்கக்கூட எடம் இல்லாம பண்ணிட்டீங்களே.”

வெளியே கார் சீராக ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் முதல் தடவையாக எனக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் மெக்கானிக்கைக் கூப்பிட்டுப் பழைய பாயிண்டையே திரும்ப மாட்டச் சொன்னேன்.

“ஏன் அங்கிள், நல்லாத்தானே ஸ்டார்ட் ஆவுது?”

“அதனாலதான் தம்பி.”

அவர் போன பிறகு சமையலறையில் அன்றைய தாளைக் கிழித்து மடித்துக்கொண்டு வந்தேன். மூடியைத் திறந்து பாயிண்டுக்கு நடுவில் நானே வைத்தேன். ஊரில் ஒருவரையும் நம்பாதவன், என்னை மட்டும் எப்படி நம்புவது?