மாமியார் உள்ளேயா, வெளியேயா?

வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் கோயில், குளம் என்று கிளம்பிவிடுவார்கள். காஞ்சிபுரத்தில் அதற்கும் வழியில்லை. எந்தப் பக்கம் கிளம்பினாலும் ஏற்கெனவே அங்கேதான் இருக்கிறோம். ஆகவே, மருத்துவ ஆய்வுகளிலேயே காலம் தள்ளி ஓய்வு பெற்ற நான், மற்றவர்கள் எழுதும் மறுஆய்வுகளுக்கு உதவுகிறேன்.

ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, அதைப் பற்றி உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் தேடிப் பிடித்துச் சலித்து, மொத்தத்தில் என்ன தெரிகிறது என்று சொல்வதுதான் மறுஆய்வு. என்னிடம் வருகிறவர்கள் எடுக்கும் கேள்வி அதிலும் சிக்கலானது: உடல்நலத்தைப் பற்றி மக்களிடம் பேசினால் பலன் உண்டா? கைப்பேசிச் செய்தி, வீடு தேடி வரும் செவிலியர், நாடகம், பக்கத்து வீட்டுக்காரியின் நச்சரிப்பு எல்லாம் ஒரே திட்டத்தில் கலந்திருக்கும். சாம்பார் நன்றாக இருந்தது என்று கட்டுரையில் எழுதியிருப்பார்கள். பருப்பினாலா பெருங்காயத்தினாலா என்று எழுதியிருக்க மாட்டார்கள்.

ஒரு ஞாயிறன்று வந்தவள் பிள்ளையார்பாளையத்தில் குடியிருக்கும் இளம் மருத்துவர். கர்ப்பிணிகளை இரும்புச்சத்து மாத்திரை போட வைக்க எந்தப் பேச்சு பலிக்கும் என்பது அவளுடைய கேள்வி. மறுஆய்வை வெளியிடப்போகும் வெளிநாட்டுப் பதிப்புக் குழு ஏற்கெனவே ஒருமுறை தவணை நீட்டித்திருந்தது. அந்த வெள்ளிக்கிழமைக்குள், தேர்ந்தெடுத்த ஆய்வுகளின் பட்டியல் போய்ச் சேராவிட்டால் தலைப்பு வேறு குழுவுக்குப் போய்விடும். அவளுடைய ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் அதில்தான் போயிருந்தன.

கூட எழுதுகிறவரும் அன்று கூட வந்தவரும் அவள் கணவர், மருந்தியல் விரிவுரையாளர். தேடிப் பிடித்த கட்டுரைகளின் சுருக்கங்களை இருவரும் தனித்தனியாகப் படித்து, ஒவ்வொன்றையும் உள்ளே எடுப்பதா வெளியே தள்ளுவதா என்று முடிவு செய்ய வேண்டும். பிறகு ஒப்பிட வேண்டும். ஒப்பிட்டுப் பார்த்தேன். ஓரிடத்தில்கூட மாறுபாடு இல்லை. கல்யாணமானவர்களுக்கு இது சாத்தியமில்லை.

"எங்கே உட்கார்ந்து செய்தீர்கள்?" என்றேன்.

"ஊஞ்சல்ல, மேடம்," என்றாள் அவள்.

"இரண்டு பேருமா?"

கணவர் நெளிந்தார். "எங்கப்பா அம்மா தறியில பட்டுப் பொடவைக்கு கோர்வை போடறவங்க, மேடம். ஒருத்தர் உடல், ஒருத்தர் கரை. பேசிக்கினு போட்டாத்தான் கரை சேரும். ரெண்டு பேர் ஒரு வேலைய செய்யறதுன்னா எனக்கு அப்படித்தான் தெரியும்."

"இங்கே கரை எங்கே சேரவில்லை என்று பார்ப்பதுதான் வேலை. முதலிலிருந்து செய்யுங்கள்."

ஒருவர் முடிவை மற்றவருக்குக் காட்டாமல் மறைக்க மென்பொருள் உண்டு. ஒரே ஊஞ்சலில் இருப்பவர்களை மறைக்க அது போதாது. ஆகவே இருவரையும் விடுப்பு எடுக்கச் சொல்லி, கணவரை மட்டும் சின்ன காஞ்சிபுரத்தில் என் வீட்டு முன்னறைக்கு வரவழைத்தேன். காலையில் மடிக்கணினியோடு வருவார், பொழுது சாய்ந்தால் போவார். வீட்டில் வேலையைப் பற்றி மூச்சு விடக்கூடாது என்று உத்தரவு. பயந்துபோய் அவர்கள் வேறு எதைப் பற்றியும் பேசவில்லை போலிருக்கிறது. என் வீட்டுக்காரருக்குக் கிரிக்கெட் பார்க்கத் துணை கிடைத்த மகிழ்ச்சி. அவரையும் அடக்க வேண்டியிருந்தது.

வியாழக்கிழமை அவளும் என் வீட்டுக்கு வந்தாள், முடிவுகளை ஒப்பிட்டோம். மாறுபாடுகள் ஆரோக்கியமாகவே இருந்தன. பேசப் பேச எல்லாம் தீர்ந்தன, ஒன்றைத் தவிர. மாமியார்களுக்குப் பயிற்சி கொடுத்து, மருமகள்களிடம் மாத்திரையைப் பற்றிப் பேசவைத்த ஆய்வு அது. கணவர் உள்ளே என்றார். மனைவி வெளியே என்றாள்.

"மாமியார் சொல்றதெல்லாம் தகவல் பரிமாற்றமாங்க? அது உத்தரவு. நம்ம வரையறையில இன்னா இருக்குது? கேக்கறவங்க பதில் பேச எடம் இருக்கணும்."

"சுருக்கத்துல 'உரையாடல்'னு போட்டிருக்குதேம்மா."

"எழுதினவர் ஆம்பளையா இருப்பாரு."

"எங்கம்மாவ மனசுல வெச்சிக்கினு பேசற நீ."

"நான் யாரையும் சொல்லல. உங்களுக்கே தோணுதுன்னா நான் இன்னா பண்றது?"

அப்போது வாசலில் செருப்புச் சத்தம். அந்த அம்மாவேதான், கையில் தூக்குச் சட்டியோடு. உள்ளே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"புள்ள தெனமும் காலைல பொட்டிய தூக்கிக்கினு இங்க வந்துடறான். ஊட்ல ரெண்டும் மொகம் குடுத்துப் பேசல. தெருவே கேக்குது. சின்னஞ்சிறுசுங்கம்மா. படிச்ச பெரியவங்க நீங்க, பிரிச்சி வெக்கலாமா?"

கணவர் கூரையைப் பார்த்தார். என் வீட்டுக்காரர் சட்டியைப் பார்த்தார். மிளகும் சுக்கும் மணக்கும் இட்லி. பிரித்துவைத்தது வேலைக்காகத்தான், சண்டையில்லை என்று விளக்கினேன். அந்த அம்மா நம்பவில்லை.

"அப்ப இப்ப இன்னா சத்தம்? தெருமுனை வரைக்கும் கேட்டுது."

மகன் வாய் தவறிச் சொல்லிவிட்டார். "மாமியார் சொன்னா மருமக பதில் பேச முடியுமான்னு ஒரு சந்தேகம்மா."

அந்த அம்மா மருமகளைத் திரும்பிப் பார்த்தார். "ஏம்மா, நான் உன்ன பேசவுடாம இருந்துக்கிறனா?"

"ஆமாம்" என்றால் வீடு போயிற்று. "இல்லை" என்றால் அவள் வாதம் போயிற்று. நாளை வெள்ளிக்கிழமை. அவள் என்னைப் பார்த்தாள். எனக்கு எல்லா விதிகளும் தெரியும். இதற்கும் ஒன்று உண்டு.

"சுருக்கத்தைப் படித்துத் தீர்மானிக்க முடியாவிட்டால் வெளியே தள்ளக்கூடாது. உள்ளே எடுத்து, முழுக் கட்டுரையைப் படிக்க வேண்டும்."

"முழுசா படிச்சிட்டு சொல்றேன் அத்தை," என்றாள் அவள், உயிர் வந்தவளாக.

"பொறுமையா படிம்மா. மொதல்ல துன்னு."

சாப்பிட்டுக்கொண்டே படித்தாள். அந்த ஆய்வில் மருமகள்கள் கேள்வி கேட்டிருந்தார்கள். மாமியார்கள் பதில் சொல்லியிருந்தார்கள். "எந்த ஊர்ல இது?" என்று முணுமுணுத்துக்கொண்டே அந்த ஆய்வை உள்ளே எடுத்தாள்.

வெள்ளிக்கிழமை மதியம் அனுப்பினோம். திங்களன்று குழுவிடமிருந்து பதில் வந்தது: தலைப்பு அவளுக்கே. இருவர் முடிவுகளில் இருந்த மாறுபாடு எப்படித் தீர்ந்தது என்று மட்டும் ஒரு வரி சேர்க்கச் சொல்லியிருந்தார்கள்.

வழக்கமான வரியைத் தட்டச்சு செய்யச் சொன்னேன்: "கருத்து வேறுபாடுகள் கலந்துபேசித் தீர்க்கப்பட்டன." வேலைக்காலம் முழுதும் அந்த வரியை நம்பியே படித்து வந்திருக்கிறேன். இப்போதெல்லாம் அதைப் பார்த்தால், தூக்குச் சட்டியோடு வந்தது யார் என்றுதான் கேட்கத் தோன்றுகிறது.