பாண்காரியின் பெயர்

என் மகளின் குடும்பப் பெயர் நான்தான். என்னுடைய குடும்பப் பெயர் என் அப்பா. யாழ்ப்பாணத்து முறையில் பிள்ளையின் பெயரோடு தகப்பனின் பெயர் வரும். அதற்கு அடுத்த தலைமுறைக்கு அது போகாது. மெல்பேர்னுக்கு வந்த பிறகும் அப்படியே விட்டுவிட்டோம். அதனால் ஒரே வீட்டில் இருக்கும் எனக்கும் மகளுக்கும் வேறு வேறு குடும்பப் பெயர்கள்.

போன மாதம் வரை இது எனக்குக் குறையாகத் தெரியவில்லை. த பேசின் என்ற ஊரில் இருக்கும் பிள்ளையார் கோயிலுக்குப் போய்த் திரும்பும் வழியில் மகளின் காரை இன்னொரு கார் இடித்துவிட்டது. ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் இருந்த பெண் என் லைசன்ஸைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள். "பெயர் வேறாக இருக்கிறதே. நீங்கள் அவருக்கு என்ன உறவு?" என்று மரியாதையாகத்தான் கேட்டாள். அந்தத் திரையில் இருப்பதே என் பெயர்தான் என்று சொல்ல வாயெடுத்துவிட்டு மனைவியைத் திரும்பிப் பார்த்தேன். மனைவிதான் விளக்கினாள். மகளுக்குக் கை மட்டும்தான் முறிந்திருந்தது. இன்றைக்கும் தெரியாத இலக்கத்திலிருந்து போன் வந்தால் முதல் மணியிலேயே பாய்ந்து எடுக்கிறேன்.

தை மாதம் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை ஆங்கிலேய வம்சத்துப் பையன். குடும்பப் பெயர் பாக்ஸ்டர். கல்யாணத்தோடு அவளும் பாக்ஸ்டர் ஆகிவிடுவாள் என்றுதான் நினைத்திருந்தேன். விபத்துக்கு முன்னால் என்றால் பேசாமல் இருந்திருப்பேன். இப்போது, என் பெயர் அவளை விட்டுப் போவதை நினைக்கவே முடியவில்லை. கேட்கவும் பயம்.

போன ஞாயிறு சம்பந்திகள் கிளென் வேவர்லியில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார்கள். இடியப்பமும் சொதியும். பேச்சுக்காக, பாக்ஸ்டர் என்றால் என்ன அர்த்தம் என்று சம்பந்தியிடம் கேட்டேன்.

"பேக்கர்" என்றார் பெருமையாக. "என் முன்னோர் வட இங்கிலாந்தில் பாண் சுட்டவர்கள்."

"பேக்கர் ஆண், பாக்ஸ்டர் பெண்" என்றார் அவருடைய மனைவி. "பழைய ஆங்கிலத்தில் அந்தக் கடைசி அசை பெண்ணின் தொழிலுக்கு வருவது. நெசவு செய்தவள் வெப்ஸ்டர், பாண் சுட்டவள் பாக்ஸ்டர். பிறகுதான் ஆண்களும் எடுத்துக்கொண்டார்கள். கல்யாணம் கட்டிய நாளிலிருந்து சொல்கிறேன், இவர் காதில் ஏறவில்லை."

"அப்ப இவர் மிஸ்டர் பாண்காரி" என்று குசினிக்குள் இருந்து என் மனைவி சொன்னாள். மகள் அதை ஆங்கிலத்தில் சொல்ல, சம்பந்திக்கே சிரிப்பு வந்துவிட்டது.

மாப்பிள்ளை எங்கள் முறையைக் கேட்டான். சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்படியென்றால் என் பிள்ளைக்கு என் முதற்பெயர்தான் குடும்பப் பெயரா?" என்றான்.

சம்பந்தி சாப்பிடுவதை நிறுத்தினார். "பாக்ஸ்டர் உன்னோடு முடிந்துவிடுமா?"

அது எனக்குப் பழகிய குரல். ஒரு மாதமாக எனக்குள் கேட்டுக்கொண்டிருப்பது. அந்தத் தைரியத்தில் மகளைத் தமிழில் கேட்டேன்.

"அப்ப நீ என்ன பேர் வைக்கப் போறாய், பிள்ளை?"

"நான் மாத்தப் போறேல்லை அப்பா. உங்கட பேர்தான். இவ்வளவு நாளும் ஏன் கேக்கேல்லை?"

"இனியாவது இந்த மனிசன் நித்திரை கொள்ளும்" என்றாள் மனைவி.

சம்பந்தி விடவில்லை. "பிள்ளை பிறந்தால்?"

மகள் ஆங்கிலத்தில் சொன்னாள்: "உங்கள் முறையில் பாண் சுட்டவளின் பெயர் வந்தது. எங்கள் முறையில் பெற்றவரின் பெயர் வரும். பெறப்போவது நான். என் முதற்பெயரை வைத்தால் இரண்டு முறையும் சரியாகிவிடும்."

மாப்பிள்ளை தலையாட்டினான். அவனுடைய தாய் கைதட்டினார். சம்பந்தியும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். எங்கள் முறையில் பேரப்பிள்ளைக்கு என் பெயர் எப்படியும் போயிருக்காது, எனக்கு நட்டமில்லை. பாவம், அவருக்குத்தான். சொதிச் சட்டியை அவர் பக்கம் தள்ளி, "இன்னும் கொஞ்சம் விடுங்கோ" என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். விளங்கியவர் போல அவர் தட்டை நீட்டினார்.