நோயாளியோடு நிற்கிற ஆள்

இந்த வேலைக்கு யாரும் விண்ணப்பம் போடுவதில்லை, சம்பளமில்லை, லீவுமில்லை, ஆனால் ஒருமுறை கட்டிலின் தலைமாட்டில் போய் நின்றீர்களோ, அதற்குப் பிறகு நீங்கள்தான் "நோயாளியோட நிக்கிற ஆள்". பிளாஸ்டிக் கதிரையில் குந்தியபடி நித்திரை கொள்ளப் பழகிய அம்மாமாரே, இது உங்களுக்காகத்தான். என் மகள் நிலானிக்குப் பதினைந்து வயதில் இரத்தப் புற்று என்றார்கள். அவள் அப்பா வாவியில் வலை போட்டுக்கொண்டு வீட்டில் சின்னவனையும் பார்க்க, வார்ட் என் பொறுப்பில் வந்தது. இப்போது அவள் பக்கத்தில் உறங்குகிறாள். மூச்சு சரியாக வருகிறதா என்று இடைக்கிடை பார்த்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

ஆளெடுப்பு

பத்தொன்பது வயதில் அம்மாவானவள் நான். வார்ட் நர்ஸ் மிஸ் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அக்காவா? அம்மாவ வரச் சொல்லுங்க" என்றார். நான்தான் அம்மா என்று சொல்ல வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. நான் படித்த கொன்வென்டில் எங்களுக்குச் சத்தமில்லாமல் அழப் பழக்கியிருந்தார்கள். அந்தப் பழக்கம் அன்று கைவிட்டது. மிஸ் ஏசவில்லை. வாசல் பக்கம் கையைக் காட்டினார்.

"போய் அழுது முடிச்சிட்டு வாங்கம்மா. உள்ளுக்கு நிக்கிற ஆளுக்கு வேலை இரிக்கி."

பார்க்க வந்தவர்

மருந்து ஏறத் தொடங்கி முடி கொட்டிய கிழமை, நாவற்குடாவிலிருந்து பக்கத்து வீட்டு மாமி வந்தார். கட்டிலடியில் நின்று, "பாவம் புள்ள, என்ன முடி, என்ன முடி" என்று சேலைத் தலைப்பை வாயில் வைத்தார். எனக்கும் கண் கலங்கிவிட்டது. நிலானி எழும்பி உட்கார்ந்தாள்.

"மாமி, பாவம் சொல்ல வந்தா இவடத்த இரிக்க ஏலா. ஊர்க்கதை சொல்ல வந்தா கதிரையில இரிங்க."

பெரியவர்களிடம் இப்படியா பேசுவது! எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மாமி சேலைத் தலைப்பை வாயிலிருந்து எடுத்தார். பிறகு கதிரையை இழுத்துப் போட்டு, வசதியாக இருந்து, குரலைத் தாழ்த்தினார்.

"அப்ப கேளு மகள். மூலைவீட்டுக்காரன் புதுசா மதில் கட்டினானெல்லோ, உள்ளுக்குப் போற படலைக்கு இடம் விட மறந்திட்டான்!"

சிறுதட்டு

ஒரு நாள் டொக்டர், "பிளேட்லெட் நல்லாக் குறைஞ்சிட்டு, ரத்தம் குடுக்க ஆக்களக் கூப்பிடுங்க" என்றார். கொன்வென்ட் சிஸ்டர்மார் படிப்பித்த நல்ல தமிழை நான் விடுவேனா? குடும்ப வட்ஸ்அப் குழுவில் எழுதினேன்: "நிலானிக்குக் குருதிச் சிறுதட்டு அவசரம். இயன்றவர்கள் ஆஸ்பத்திரிக்கு வரவும்."

என் அண்ணன் சித்தாண்டியில் பெண் கட்டி, அங்கேயே வேளாண்மை செய்கிறவர். அறுவடை நேரம். வயல் வட்டைக்குள் நின்று கண்ணாடி இல்லாமல் வாசித்திருக்கிறார். பின்னேரம், உடுத்த சாரத்தில் வைக்கோல் ஒட்டியிருக்க, வயலில் நின்ற நாலைந்து பேரையும் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். தோளில் ஒரு உரப்பை. அவிழ்த்தால், உள்ளே முழுக்கச் சின்னச் சின்ன எவர்சில்வர் தட்டுகள்!

"என்ன அண்ணன் இது?"

"நீதானே கேட்டாய், உறுதிச் சிறுதட்டு எண்டு. நசுங்காததாப் பார்த்து வீடு வீடாச் சேர்த்தன்."

வார்ட்டுக்கு வந்து முதல்முறையாக நான் வாய்விட்டுச் சிரித்தேன். சிரித்து முடித்து, குருதி என்றால் ரத்தம், தட்டு ரத்தத்துக்குள் இருக்கிற சாமான் என்று விளங்கப்படுத்தினேன். அண்ணன் வந்தவர்களைத் திரும்பிப் பார்த்தார். எல்லோரும் சட்டைக் கையை மடிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

"தட்டு எங்கட உடம்புக்குள்ளயே இரிக்கா? அப்ப எடுங்க. இந்தப் பையும் இவடத்தயே கிடக்கட்டும், கொண்டுவந்த சாமானோட வீட்ட கிறுகிப் போகப்படா."

சக ஊழியர்

அடுத்த கட்டிலில் காத்தான்குடிப் பொடியன் ஒருவன். அவன் உம்மாவை நான் அக்கா முறையில் ராத்தா என்பேன். நிலானிக்குக் காய்ச்சல் விடாமல் காய்ந்த காலையில் நான் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டேன். பிள்ளை தப்பமாட்டாள் என்பதை அதுவரை மனசுக்குள்கூட வசனமாகச் சொன்னதில்லை, அங்கே சொன்னேன். அதே நேரம் ராத்தா தட்டிய தட்டில் கதவு அதிர்ந்தது.

"தங்கச்சி, டொக்டர் போகட்டும், நானும் வந்து சேர்ந்து அழுறன். இப்ப வெளிய வாங்க, அவரிட்டக் கேக்க நமக்குக் கேள்வி இரிக்கி!"

ஊசி வேண்டாம்

காய்ச்சல் விட்டது. அடுத்த சுற்று மருந்துக்கு மிஸ் வந்தபோது நிலானி கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள். "போதும். வீட்ட போவம்." இடையில் நிறுத்தினால் நோய் திரும்பிவிடும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். கெஞ்சினேன். மாதாவுக்கும் நேர்ந்தேன், முருகனுக்கும் நேர்ந்தேன். அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். வழி தெரியாமல் அவளுடைய பள்ளிக்கூட வலைப்பந்து அணித் தோழிகளுக்குப் போன் எடுத்தேன்.

கிருமிப் பயத்தில் பிள்ளைகளை உள்ளே விடமாட்டார்கள். பள்ளிக்கூட வெள்ளை உடுப்போடு ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றார்கள். நல்ல வார்த்தை நாலு சொல்லுவார்கள் என்று நம்பினேன்.

"நிலானி! நீ வராட்டி உன்ட இடத்தில பிரியாவப் போடப் போறம்டி!"

காவலாளி துரத்தத் துரத்த அதையே கத்தினார்கள். நிலானி விருட்டென்று எழும்பினாள். "பிரியாவா? அவளுக்குக் கோல் கம்பமும் தென்னைமரமும் ஒண்டுதான்!" முகமெல்லாம் சிவந்திருந்தது. நான் அந்த நிறத்தைக் கண்டு எத்தனையோ நாள். போர்வைக்குள்ளிருந்து இடது கை வெளியே வந்தது.

"மிஸ், இதில குத்துங்க. மற்றது பந்து போடுற கை."

திடல்

சிகிச்சை முடிந்தது. சோதனையில் இப்போதைக்கு நோய் இல்லை, கிளினிக்குக்கு மட்டும் ஒழுங்காக வாருங்கள் என்றார்கள். ராத்தாவின் மகனும் வீட்டுக்குப் போய்விட்டான். உடம்பு தேறியதும் நிலானி மறுபடி மைதானத்தில் இறங்கினாள். வெப்பமானியும் தண்ணீர்ப் போத்தலும் மடியில் வைத்துக்கொண்டு நான் ஓரத்தில் இருந்தேன்.

எதிரணிப் பிள்ளையொன்று மோத, அவள் விழுந்தாள். நான் எப்போது ஓடினேன் என்று தெரியாது. செருப்பு இரண்டும் கோட்டுக்கு வெளியே கிடந்ததாம். விசில் அடிக்க அடிக்க, நெற்றியில் கைவைத்து, கண் மடலை இழுத்து வெளிறியிருக்கிறதா என்று பார்த்தேன். திடலே எங்களைப் பார்த்தது. நிலானி பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்:

"அம்மா, இது ஃபவுல், நோய் வருத்தம் இல்ல. தள்ளுங்க, பெனால்டி எனக்கு."

நோயாளி வேலையை விட்டுவிட்டுத் திடலுக்குப் போய்விட்டாள். நோயாளியோடு நிற்கிற ஆள்தான் இன்னும் ராஜினாமாக் கொடுக்கவில்லை.