ராஜா தட்டும் சாக்கு அடைத்த ஜன்னலும்

நேற்று மருமகள் வாங்கிவந்து சுவரில் மாட்டிய வெள்ளித் தட்டில், குதிரைமேல் போகும் பாரசீக ராஜா ஒருவன் பின்னால் திரும்பிச் சிங்கத்தின்மேல் அம்பு விடுகிறான். ராஜாவுக்கும் சிங்கத்துக்கும் மட்டும் தங்க முலாம். என்னையறியாமல் எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தேன்.

"ஏசி ஓடுதே அத்தை, ஏன் தொறக்குறீங்க?" என்றாள்.

அறுபதுகளில் மஞ்சக்குப்பத்தில், இன்று செல்போன் கடை இருக்கும் இடத்தில், எங்கள் வீட்டோடு ஒட்டிய வெள்ளிப் பட்டறை இருந்தது. வெளிநாட்டுக்குப் போகும் இதே ராஜா தட்டுகளை அப்பா ஒரு படத்தைப் பார்த்துத் தட்டித் தட்டிப் புடைப்பாக எழுப்புவார். பாதரசத்தில் கரைத்த தங்கத்தை அம்மா விரலால் ராஜாவின்மேல் பூசிக் கரி அடுப்பில் காட்டுவாள். பாதரசம் புகையாகப் போகப் போக, சாம்பல் நிற ராஜா மெல்ல மஞ்சளாவான். வெள்ளி தேய்க்கும் புளியும் கரியும் மணக்கும் அந்த அறையில் எனக்கிருந்த ஒரே வேலை, அடுப்பு மூட்டுமுன் ஜன்னலைச் சாத்தி இடுக்கில் சாக்கைத் திணிப்பது.

"நல்லா அடைம்மா. காத்து வந்தா தங்கம் புகையோட போயிடும்" என்பார் அப்பா.

அம்மாவின் ஈறு கறுத்தது, பல் ஆடியது, கை நடுங்கியது. "பித்தம் ஜாஸ்தியாயிடுச்சு, வேற ஒண்ணுமில்ல" என்று சொல்லிக்கொண்டே, நடுங்கும் கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு பூசினாள். தங்கம் வீணானால் மறுபடி பூச வேண்டியிருக்குமே என்று நான் சாக்கை இன்னும் இறுக்கித் திணித்தேன்.

அம்மாவைச் சுடுகாட்டுக்குத் தூக்கிப்போன அன்று, வாடை நிற்கக் கூடாதென்று பெரியம்மா அந்தச் சாக்கைப் பிடுங்கி எறிந்து ஜன்னலைத் திறந்தாள். நான் சாக்கை வெயிலில் விரித்துப் பார்த்தேன். அதில் ஒரு பொட்டுத் தங்கம்கூட ஒட்டியிருக்கவில்லை.